சூதாட்டக் களத்தில் ஒரு கேள்வி

செஞ்சிக்கு அருகிலுள்ள மேலச்சேரி திரௌபதி அம்மன் கோயிலைத் தாய்க்கோயிலாகக் கருதும் மரபு வட தமிழகத்தில் உண்டு. பாரதப் போருக்குப் பின், செஞ்சி அரசன் சுனீதனுக்காக நூறு தலை அசுரனை அழிக்கத் திரௌபதி மீண்டும் வந்தாள் என்பது தலக்கதை. ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988இல் வெளியிட்ட ஆய்வு நூல் இக்கதைகளை விரிவாகப் பேசுகிறது. வியாசர் தராத இன்னொரு வாழ்வை இவ்வட்டார மக்கள் அவளுக்குத் தந்திருக்கிறார்கள்.

திரௌபதி அம்மன் திருவிழாக்களில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. கதையின் முடிவு எல்லோருக்கும் தெரியும். துகில் உரிவார்கள், அவள் சபதம் செய்வாள், படுகளத்தில் மண் துரியோதனன் விழுந்தபின் கூந்தலை முடிவாள். ஆனால் இரவுக்கும் விடியலுக்கும் இடையில் நடப்பதை யாரும் முழுமையாக வகுத்து வைப்பதில்லை. பாட்டும் விருத்தமும் மனப்பாடம். வசனத்தை அந்தந்த இடத்தில் நடிகரே வளர்ப்பார். கட்டியங்காரன் கதைக்கு உள்ளேயும் வெளியேயும் நிற்பான். அரசனைக் கேலி செய்வான், ஊர் வம்பை இழுப்பான்.

இந்தச் சுதந்திரம் யாருக்குக் கிடைத்தது? நெடுங்காலம் பெண்வேடம் கட்டியவர்களும் ஆண்களே. கட்டியங்காரன் நினைத்த மாத்திரத்தில் அவிழ்த்துவிடும் நகைச்சுவைக்குப் பல நேரம் பெண்ணுடல்தான் பொருள். பாய் விரித்து அமர்ந்திருந்த பெண்கள் அதையும் கேட்டார்கள். எழுதி வைத்த கதை அவளை அவமதித்தது. எழுதாத பேச்சும் அவளை விட்டுவைக்கவில்லை. ஆகவே, திட்டமிடாத ஆட்டம் என்பதாலேயே அது விடுதலை ஆகிவிடாது.

துகில் கூத்தின் மையமே ஒரு விளையாட்டுதான். காய்களை உருட்டுபவர்கள் ஆண்கள், பணயம் ஒரு பெண். சபைக்கு இழுத்து வரப்பட்டவள், தருமன் முதலில் தோற்றது தன்னையா, என்னையா என்று கேட்கிறாள். தன்னையே தோற்றவனுக்கு என்னைப் பணயம் வைக்க என்ன உரிமை? ஆட்டத்தின் விதியையே விசாரிக்கும் இந்தக் கேள்விக்குச் சபையில் தெளிவான பதில் இல்லை. கூத்தில் இந்த வாதம் எவ்வளவு நீளும் என்பது வசனம் பேசுபவரைப் பொறுத்தது.

மாணவிகளுக்கு இது புதிதாக இருக்காது. வில் ரைட் வடிவமைத்து 2000இல் வெளிவந்த 'தி சிம்ஸ்' கணினி விளையாட்டில் ஒரு குடும்பத்தின் வாழ்வை நாமே நடத்துகிறோம். நாம் ஒரு கதையைத் திட்டமிடலாம். 'சுயவிருப்பம்' என்ற தெரிவை இயக்கினால் அந்த மனிதர்கள் நாம் சொல்லாததையும் செய்வார்கள். மனநிலை கெட்டிருந்தால் சொன்னதைச் செய்யவும் மறுப்பார்கள். கதை நம் கைமீறும் அந்த இடங்களில்தான் ஆட்டம் சுவைக்கிறது. ஆனால் அந்தத் தெரிவை இயக்குவதும் நிறுத்துவதும் நம் கையில் இருக்கிறது, அவர்கள் கையில் இல்லை. நம் வீடுகளில் பெண்ணின் சுயவிருப்பம் யார் கையில் இருந்தது என்பதை இதோடு சேர்த்து யோசிக்கலாம்.

காஞ்சிபுரம் அருகே பி. ராஜகோபாலும் ஹன்னே டி புருய்னும் நடத்திய கட்டைக்கூத்து குருகுலத்தில் சிறுமிகளும் பயின்று களமேறினார்கள். அவர்களுக்காகக் கதையின் முடிவை மாற்ற வேண்டியதில்லை. கூந்தல் முடியப்படட்டும். அதற்கு முன்பு, சபை நடுவே நின்று திரௌபதியின் வசனத்தை வளர்ப்பவள் ஒரு பெண்ணாக இருந்தால், அந்தப் பழைய கேள்வி இன்னும் எத்தனை கேள்விகளாகப் பெருகும்!