பள்ளம் தோண்டும் முன்: மண்ணுக்கடியில் உள்ள கேபிள், குழாய்களைக் கண்டறிவது எப்படி?

ஜாதவ்பூர் (கொல்கத்தா): சாலையைத் தோண்டும்போது கடப்பாரை உயரழுத்த மின் கேபிளைத் துளைத்தால், அதைப் பிடித்திருப்பவரின் உயிருக்கே ஆபத்து. குடிநீர்க் குழாய் உடைந்தால், நீர் விநியோகம் இல்லாத நேரத்தில் சுற்றியுள்ள கழிவுநீர் அதனுள் புகக்கூடும். எனவே, மண்ணுக்கடியில் என்ன இருக்கிறது என்பதை முன்கூட்டியே அறிவது ஒவ்வொரு அகழ்வுப் பணியின் முதல் கட்டமாகும்.

ஜாதவ்பூர் பகுதியில் இதன் தேவை அதிகம். 1947ஆம் ஆண்டுப் பிரிவினைக்குப் பின்னர் அகதிகள் குடியிருப்புகளாக விரிவடைந்த இப்பகுதி, 1984ஆம் ஆண்டு கொல்கத்தா மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு அமைப்புகள் பதித்த குழாய்களும் கேபிள்களும் ஒரே வரைபடத்தில் இடம்பெற்றிருக்கும் என எதிர்பார்க்க இயலாது.

தேசிய அளவிலான செயலி

ஒருங்கிணைப்பின்றித் தோண்டுவதால் கண்ணாடி இழை கேபிள் உள்ளிட்ட கட்டமைப்புகள் சேதமடைந்து, நாட்டிற்கு ஆண்டுதோறும் சுமார் ரூ.3,000 கோடி இழப்பு ஏற்படுவதாக மத்திய அரசு தெரிவித்துள்ளது. இதைத் தடுக்க, 'கால் பிஃபோர் யூ டிக்' (தோண்டும் முன் அழையுங்கள்) என்ற செயலியைப் பிரதமர் நரேந்திர மோடி 2023 மார்ச் 22 அன்று புதுதில்லியில் தொடங்கிவைத்தார். தோண்டவிருப்பவர் இடத்தையும் பணி விவரத்தையும் இதில் பதிவு செய்தால், அங்கு கட்டமைப்புகளை வைத்துள்ள நிறுவனங்களுக்குக் குறுஞ்செய்தி, மின்னஞ்சல் வழியாகத் தகவல் செல்லும். இரு தரப்பினரும் தொலைபேசியில் பேசிக்கொள்ளவும் வசதி உண்டு. அமெரிக்காவில் இதே நோக்கத்திற்காக 811 என்ற தொலைபேசி எண் 2007ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது.

கருவிகள் செயல்படும் விதம்

மின்காந்தக் கண்டறி கருவி, மின்னோட்டமுள்ள கேபிளைச் சுற்றி உருவாகும் காந்தப்புலத்தை உணர்ந்து அதன் பாதையைக் காட்டுகிறது. உலோகக் குழாயாக இருப்பின், அதில் தனியாக ஒரு சமிக்ஞையைச் செலுத்தித் தேடலாம். ஆனால், மின்னோட்டம் இல்லாத கேபிளும் பிளாஸ்டிக் குழாயும் இக்கருவிக்குப் புலப்படாமல் போகலாம். பிளாஸ்டிக் குழாயுடன் செம்புக் கம்பி ஒன்றையும் சேர்த்துப் பதித்திருந்தால் அதைப் பின்தொடர முடியும்.

தரை ஊடுருவும் ரேடார், வானொலி அலைகளை மண்ணுக்குள் அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைப் பதிவு செய்கிறது. இது பிளாஸ்டிக் குழாயையும் கண்டறிய வல்லது. எனினும், ஈரமான களிமண்ணில் அலைகள் விரைவில் வலுவிழக்கின்றன. கங்கைச் சமவெளியின் வண்டல் மண்ணும் உயர்ந்த நிலத்தடி நீர்மட்டமும் கொண்ட கொல்கத்தாவில் இந்த வரம்பைக் கருத்தில் கொள்வது அவசியம்.

ஆழத்தை நம்பலாமா?

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 1255 விதிமுறைப்படி, 11 கிலோவோல்ட் கேபிள் குறைந்தது 0.90 மீட்டர் ஆழத்திலும், 33 கிலோவோல்ட் கேபிள் 1.05 மீட்டர் ஆழத்திலும் இருக்க வேண்டும். ஆயினும், சாலை மட்டம் பின்னர் உயர்த்தப்பட்டாலோ தாழ்த்தப்பட்டாலோ இந்த அளவு மாறிவிடும். ஆகவே, ஆழத்தை மட்டும் நம்பி இயந்திரத்தை இறக்குவது பாதுகாப்பானதன்று.

பின்பற்ற வேண்டிய வரிசை

முதலில் மாநகராட்சி, மின்சாரம், தொலைத்தொடர்பு, எரிவாயு நிறுவனங்களிடம் வரைபடங்களைப் பெற வேண்டும். அடுத்து, ஆள்நுழைவுக் குழிகள், வால்வு மூடிகள், மின் பெட்டிகள் போன்ற தரைமேல் அடையாளங்களுடன் அவற்றை ஒப்பிட வேண்டும். பின்னர் கருவியால் ஆய்வு செய்து, சாலையில் வண்ணக் குறியிட வேண்டும். இறுதியாக, குறியிட்ட இடத்தில் கையால் சோதனைக் குழி தோண்டி, கேபிளையோ குழாயையோ கண்ணால் கண்ட பிறகே ஜேசிபி போன்ற இயந்திரங்களைப் பயன்படுத்த வேண்டும். தோண்டும்போது எச்சரிக்கை நாடாவோ, கேபிளின் மேல் பரப்பிய செங்கல் வரிசையோ தென்பட்டால் பணியை உடனே நிறுத்துவது அவசியம்.

கருவியில் சமிக்ஞை கிடைக்கவில்லை என்பதற்காக, அங்கு கேபிள் இல்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது என்பது இதில் முக்கியமாகக் கவனிக்கத்தக்கது.