சாரத்து மழையும் பாகூர் ஆறும்

2024 நவம்பர் 30, சனிக்கிழமை இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கடந்த புயல் போய்விடவில்லை. மணிக்கணக்கில் ஊர் மேலேயே நின்று கொட்டியது. 24 மணி நேரத்தில் 46 செ.மீ.க்கு மேல் மழை. அதற்கு முந்தைய முப்பது ஆண்டுகளில் 2004 அக்டோபர் 31-இல் பதிவான 21 செ.மீ.தான் உச்சம். ஓர் ஆண்டில் பெய்வதில் மூன்றில் ஒரு பங்கு ஒரே நாளில் இறங்கிவிட்டது.

அந்த ஒரு புயல் புதுச்சேரிக்கு இரண்டு வெள்ளங்களைத் தந்தது. நகரத்துக்குள் சாரம், அதை ஒட்டிய ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பகுதிகளில் புகுந்தது தலைக்கு மேல் பெய்த மழை. தெற்கே பாகூரில் புகுந்தது தென்பெண்ணை ஆறு. புயல் உள்நாட்டுக்கு நகர, கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் சுமார் 50 செ.மீ. மழை பெய்தது. அந்த நீர் தென்பெண்ணையின் சாத்தனூர் அணையை நிரப்ப, டிசம்பர் 2 அதிகாலை வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிடப்பட்டது. மேற்கே போன மழை, ஆற்று வழியே கடற்கரைக்குத் திரும்பி வந்தது.

சாரத்தில் அவகாசம் இல்லை. புயல் எச்சரிக்கை இருந்தது; ஆனால் மக்கள் காத்திருந்தது காற்றுக்கு. மெழுகுவத்தி வாங்கி, மொட்டைமாடிப் பொருள்களை இறக்கி, கதவைச் சாத்திப் படுத்தவர்கள் காலில் தண்ணீர் பட்டு எழுந்தார்கள். வயலும் தாங்கலுமாக இருந்த தாழ்நிலத்தில் நகர்கள் எழும்பிவிட்டன. மழைநீர் வாய்க்கால்களில் ஓடி உப்பனாறு வழியே கடலைச் சேர வேண்டும். கடல் கொந்தளிக்கும் நாளில் அது சீக்கிரம் வடியாது. கிருஷ்ணா நகரில் ராணுவம் வந்து மக்களை மீட்டது.

பாகூருக்கு அவகாசம் இருந்தது. அணைக்கும் அந்த ஊருக்கும் நடுவே மாவட்டங்களே கிடக்கின்றன. வர வேண்டியது சேதிதான். படிப்படியாக எச்சரித்தோம் என்றது தமிழ்நாடு அரசு. சொல்லாமல் திறந்தார்கள் என்றன எதிர்க்கட்சிகள். இதில் பாகூருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அணை தமிழ்நாட்டில், பாகூரோ, பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன எல்லைக்கோட்டால், கடலூர் மாவட்டத்தை ஒட்டிக் கிடக்கும் புதுச்சேரி மண். ஆறு எல்லை பார்க்காமல் வருகிறது. சேதி மட்டும் இரண்டு அரசு அலுவலகங்களைத் தாண்டி வர வேண்டியிருக்கிறது.

இழப்பும் வேறு வேறு. நகரத்துக் குடும்பத்துக்குப் போனது ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர், பைக், பீரோவின் அடித்தட்டில் வைத்த பள்ளிச் சான்றிதழ். நெற்களஞ்சியம் எனப்படும் பாகூரில் போனது நின்ற பயிர். பைக்கை மெக்கானிக்கிடம் விட்டால் ஓடிவிடும். மூழ்கி அழுகிய சம்பாவுக்கு அடுத்த பட்டம் வரைக்கும் காத்திருக்க வேண்டும். நகரத்தில் அடைக்கலம் கொடுத்தது மாடி வீடு: அதுவரை வணக்கத்தோடு நின்றிருந்த பக்கத்து வீட்டார் ஒரே அடுப்பில் கஞ்சி காய்ச்சினார்கள். கிராமத்தில் மனிதர் மட்டும் ஏறினால் போதாது, மாட்டையும் மேட்டுக்கு ஓட்ட வேண்டும். புதுச்சேரி அரசு குடும்ப அட்டைக்கு 5,000 ரூபாய் அறிவித்தது. பயிருக்கும் மாட்டுக்கும் தனி நிவாரணம் சொன்னது. அட்டைக்கு என்ற அளவு இரண்டு வெள்ளத்துக்கும் ஒன்றுதான்.

பயணத்தில் மட்டும் இரண்டு வெள்ளமும் ஒன்றாகிவிட்டன. நம் வெள்ளம் கார்த்திகையில் வரும். சபரிமலைக்கு மாலை போட்டவர், தீபத்துக்குத் திருவண்ணாமலை போக இருந்தவர், வார இறுதிக்குக் கடற்கரைச் சாலை பார்க்க வந்தவர், எல்லாரும் மாட்டிக்கொண்டார்கள். புதுச்சேரிக்கு ரயில் விழுப்புரம் வழியாகத்தான். விக்கிரவாண்டி–முண்டியம்பாக்கம் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் டிசம்பர் 2 அன்று ரயில்கள் நின்றன; அரசூரில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையும் நின்றது. திருவண்ணாமலையில் மண் சரிந்து ஏழு பேர் இறந்தனர். அந்த ஆண்டு தீபத்துக்குப் பக்தர்களை மலையேற விடவில்லை. தெருவில் தண்ணீர் வடிந்த பிறகும் சாரத்துக்காரருக்கு ஊரைவிட்டுக் கிளம்ப வழி இல்லை.

ஆகவே, "வெள்ளத் தடுப்பு" என்று ஒரே பெயரில் ஒரே திட்டம் போடுவது பயன் தராது. சாரத்துக்கு வேண்டியது வழி: தூர்ந்த வாய்க்காலையும் அடைபட்ட கழிமுகத்தையும் ஐப்பசிக்கு முன்பே திறக்க வேண்டும். பாகூருக்கு வேண்டியது நேரம்: மதகை எத்தனை அடி தூக்கினால் எந்த ஊருக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும் என்ற கணக்கு, அதிகாரியின் மேசையில் தங்காமல் மாடு வைத்திருப்பவரின் கைபேசிக்கு வர வேண்டும். ஒன்று தண்ணீரைச் சீக்கிரம் அனுப்பும் வேலை. மற்றது தண்ணீருக்கு முன்னால் சேதியை அனுப்பும் வேலை.