கந்தல் காத்த கிதாபுகள்



நாம் ஓதிய மதரஸாவில் மைதாப் பசையுடன், பூச்சி அரிக்காதிருக்கச் சிறிது மயில்துத்தம் கலந்து, பழைய கைலித் துணியை முதுகில் ஒட்டிக் கிதாபுகளைக் காத்தோம். பார்வைக்கு அழகென்று சொல்லவியலாது.

ஆயினும் அதற்கு நீண்ட வரலாறு உண்டு. கி.பி. 8ஆம் நூற்றாண்டின் இறுதியில் பக்தாதில் காகிதப் பட்டறை தோன்றியது. கிழிந்த துணிகளை ஊறவைத்து, கூழாக இடித்து, தாளாக வார்த்தனர். அத்தாள்களில் எழுதிக் கழித்தவையும் வீணாகவில்லை. பிற்கால நூற்கட்டுநர்கள் அவற்றை அடுக்கி ஒட்டி அட்டையாக்கி, மேலே தோல் போர்த்தினர்.

இம்முறை இஸ்லாத்திற்கும் முந்தியது. 1945இல் எகிப்தின் நாக் ஹம்மாதியில் கிடைத்த சுவடிகளின் தோலுறைகளுக்குள், விறைப்புக்காகக் கழிவுப் பாப்பிரஸ் தாள்கள் ஒட்டப்பட்டிருந்தன. அவற்றுள் சிலவற்றில் 341, 346, 348 ஆகிய ஆண்டுகளுக்குரிய தேதிகள் இருந்தமையால், அச்சுவடிகளின் காலத்தைக் கணிக்க முடிந்தது. குப்பையே சாட்சி கூறியது!

கன்னிவாடியில் நம் வீட்டுப் பரண்களில் அரபுத்தமிழ்க் கிதாபுகள் இருப்பின், புது பைண்டிங் போடுகையில் பழைய அட்டையை எறிந்துவிட வேண்டாம். உள்ளே முன்னோரின் கணக்கோ கடிதமோ ஒட்டியிருக்கக்கூடும். பிரிக்காமல் அப்படியே பள்ளிவாசலுக்குக் கொண்டு வாருங்கள்.