ராவுத்தர் என்னும் பெயர்

ராவுத்தர் என்றால் இன்று தமிழ் முஸ்லிம்களில் ஒரு சமூகத்தின் பெயர். மரைக்காயர் என்ற இன்னொரு சமூகத்தின் பெயரை மரக்கலத்தோடு சேர்த்துப் பேசுவது வழக்கம். ராவுத்தர் என்ற பெயரைக் குதிரையோடு. தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையே காரங்காட்டின் அலையாத்திக் காடு நிற்கும் இந்தக் கடலோரத்தில் இரண்டு பெயர்களும் அடுத்தடுத்த தெருக்களில் வழங்குகின்றன. கப்பலும் குதிரையும் ஒரே வாணிகத்தின் இரு பாதிகளாக இருந்த காலத்தின் நினைவு அது.

சொல்லின் வேர் வடமொழி ‘ராஜபுத்ர’. பிராகிருதத்தில் தேய்ந்து ‘ராஉத்த’ என்றாகி, மராத்தி, கன்னடம், தெலுங்கு வழியெங்கும் சிறுசிறு மாற்றங்களோடு வழங்கிற்று. தமிழில் ரகரம் மொழிக்கு முதலாக வராது என்பதால் இகரம் சேர்த்து ‘இராவுத்தன்’ என்று எழுதினார்கள். அரசன் மகனைக் குறித்த சொல், தமிழகத்துக்கு வந்து சேர்வதற்குள் குதிரை வீரனைக் குறிக்கத் தொடங்கிவிட்டது. பிறப்பைச் சொன்ன சொல் தொழிலைச் சொல்லும் சொல்லாயிற்று. இதை நான் அந்தச் சொல்லின் உயர்வாகவே கொள்கிறேன். அரசன் மகன் என்பதற்காக எந்தக் குதிரையும் முதுகைக் கொடுப்பதில்லை. அதைப் பார்த்துப் பழகியவனுக்குத்தான் கொடுக்கும்.

15ஆம் நூற்றாண்டில் விஜயநகரத்து இரண்டாம் தேவராயன் முஸ்லிம் குதிரை வீரர்களைத் தன் படையில் சேர்த்தான். அவன் ஆட்சிக் காலம் 1424 முதல் 1446 வரை. அருணகிரிநாதர் திருப்புகழில் பெயர் சொல்லும் பிரபுட தேவராயன் இவனே என்பர். அதே அருணகிரியார் கந்தர் அலங்காரத்தில் மயிலேறும் முருகனை ‘ராவுத்தன்’ என்று அழைக்கிறார். மயிலைக் குதிரையாகவும் முருகனைத் தேர்ந்த சவாரிக்காரனாகவும் காண அவருக்கு இந்தச் சொல்தான் வாய்த்தது. செஞ்சி வட்டாரத் திரௌபதி அம்மன் கோயில்களில் காவல் நிற்கும் முத்தால் ராவுத்தன் முஸ்லிம் வீரன். இந்துக்கள் வழிபடும் தெய்வம். ஒரே சொல் முருகனுக்கும் காவல் தெய்வத்துக்கும் படைவீரனுக்கும் பொருந்தியது என்றால், குதிரையேற்றத்தின் மேல் இந்த மண் வைத்திருந்த மதிப்பு எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள்.

தொண்டிக்கு வடக்கே திருப்பெருந்துறை, இன்றைய ஆவுடையார்கோயில். பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் பொன்னோடு புறப்பட்ட வாதவூரர் அங்கேதான் குருவைக் கண்டு மாணிக்கவாசகர் ஆனார் என்பது நாம் அறிந்த கதை. அவருக்காகக் குதிரை வாணிகராக மதுரைக்கு வரும் சிவபெருமான், நரிகளைப் பரிகளாக்கி ஓட்டி வருகிறார். எல்லாரும் நரிகளை நினைவில் வைத்திருக்கிறோம். என் மனம் நிற்பது கயிறு மாற்றும் இடத்தில். விற்பவர் கயிற்றை மாற்றிக் கொடுத்துவிட்டால் அதன்பின் குதிரைக்கு என்ன நேர்ந்தாலும் வாங்கியவர் பொறுப்பு. மாட்டுச் சந்தைகளில் கயிறு மாற்றும் முறையைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. கடல் கடந்து வந்த குதிரையின் வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு நொடியில்தான் திரும்பியது.

எத்தனை குதிரைகள் அப்படிக் கைமாறின? பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், கீஷ் தீவின் ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளைப் பாண்டிய நாட்டுக்கு அனுப்ப ஒப்பந்தம் செய்ததை எழுதியிருக்கிறார். ஒரு குதிரைக்கு 220 பொன் தினார். வழியில் செத்தாலும் அரசன் விலை தரவேண்டும் என்பது நிபந்தனை. பாரசீக வளைகுடாத் துறைகளிலிருந்து இந்தியக் கரைகளுக்கு ஆண்டுக்கு 10,000 குதிரைகள் போன காலத்தையும் அவர் சொல்கிறார். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, அரசன் ஆண்டுக்கு 2,000க்கும் மேல் வாங்குகிறான், ஆண்டு முடிவில் நூறுகூட உயிரோடு இருப்பதில்லை என்கிறார். குதிரைக்கு வைத்தியம் பார்க்கத் தெரிந்தவர் இங்கே இல்லை. தெரிந்தவர்களை வணிகர்கள் வரவிடுவதுமில்லை, செத்தால்தானே மறு ஆண்டும் விற்கலாம் என்பது அவர் சொல்லும் காரணம்.

இருவரும் வெளியூர்க்காரர்கள், மிகைப்படுத்தியிருக்கலாம். ஆனால் வஸ்ஸாஃப் அடுக்கும் குறைகளை இன்றைய கால்நடை மருத்துவர் எவரும் ஒதுக்கிவிட மாட்டார். வறுத்த வாற்கோதுமையும் நெய் கலந்த தானியமும் காய்ச்சிய பாலும் கொடுக்கிறார்கள். கொழுக்கட்டும் என்று நாற்பது நாள் முளையடித்துக் கட்டிவைக்கிறார்கள். பிறகு பழக்காமல், அங்கவடி முதலான கருவிகள் இல்லாமல் ஏறி விரட்டுகிறார்கள். விரைந்து ஓடிய குதிரை கொஞ்ச நாளில் சோம்பி மந்தமாகிவிடுகிறது. குதிரையின் இரைப்பை அதன் உடலுக்கு மிகச் சிறியது. நாளின் பெரும்பகுதி நடந்தபடியே புல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக மேய்வதற்கென்று அமைந்த உடல் அது. தானியத்தைக் குவித்து, நடக்கவும் விடாமல் கட்டினால் வயிற்றுவலி வரும், குளம்புக்குள் அழற்சி வரும், தசை வற்றும். இவற்றில் எதையும் குதிரை வாய்விட்டுச் சொல்லாது. வேட்டையாடப்பட்ட விலங்கு அது. வலியை மறைப்பது அதன் இயல்பு. பார்க்கத் தெரிந்த கண் அருகில் இருந்தால்தான் பிழைக்கும்.

அந்தக் கண் பார்க்க வேண்டியவை சின்னச் சின்னவை. சேணத்தைக் கண்டதும் காதுகள் பின்னால் படிகின்றனவா? வயிற்றுவாரை இறுக்கும்போது திரும்பிக் கடிக்க வருகிறதா? ஈ இல்லாமலே வால் வீசுகிறதா? இவற்றைத் திமிர் என்று எண்ணிச் சவுக்கை எடுப்பவர்கள் அதிகம். பெரும்பாலும் அது முதுகுவலி. பிடரி முடியும் இடத்து மேட்டைச் சேணம் தொடக்கூடாது. தோள்பட்டை எலும்பின் அசைவைத் தடுக்கக்கூடாது. பாரம் முதுகெலும்பின் மேல் இறங்காமல் இருபுறத் தசைகளிலும் பரவ வேண்டும். சவாரி முடிந்து சேணத்தை இறக்கினால் வியர்வைத் தடம் உண்மையைச் சொல்லிவிடும். சுற்றிலும் நனைந்திருக்க ஓரிடம் மட்டும் காய்ந்து கிடந்தால் அங்கே அழுத்தம் மிகுந்திருக்கிறது. அப்படியே பல நாள் விட்டால் அந்த இடத்தில் வெள்ளை மயிர் முளைக்கும். குதிரை வாயால் மூச்சு விட முடியாத விலங்கு. மூக்குப்பட்டையைக் கீழே இறக்கி இறுக்கினால் மூச்சே திணறும். மெலிந்தாலும் பருத்தாலும் முதுகின் வடிவம் மாறும். போன ஆண்டு பொருந்திய சேணம் இந்த ஆண்டு பொருந்தாமல் போகலாம்.

கருவிகளின் பெயர்களும் வெவ்வேறு நாடுகளிலிருந்து வந்து சேர்ந்தவை. கடிவாளத்தில் ‘கடி’ நம் சொல். குதிரை வாயில் கவ்வியிருப்பது. லகான் பாரசீக வழி வந்தது. பழைய நிகண்டுச் சொல்லான கலினம் வடமொழி ‘கலீந’. அதுவோ கிரேக்கத்தின் ‘காலினோஸ்’ என்பதோடு உறவுடையது. குதிரையைக் கொண்டுவந்தவரெல்லாம் ஒரு சொல்லையும் கொண்டுவந்திருக்கிறார்கள். இன்று அந்தச் சொற்களை நாம் கவனமின்றி வழங்குகிறோம். குறுகிய பார்வை உள்ளவரைச் ‘சேணம் கட்டிய குதிரை’ என்கிறோம். கண்ணை மறைப்பது கண்பட்டை; சேணம் கட்டப்படுவது முதுகில். குதிரையைப் பக்கத்தில் நின்று பார்க்கும் வழக்கம் விட்டுப்போனதால் நேர்ந்த பிழை இது. எழுதுகிறவர்கள் திருத்திக்கொள்ள வேண்டும்.

ராவுத்தர் என்ற பெயரைத் தாங்கியவர்கள் இன்று கடை வைத்திருக்கிறார்கள், பள்ளியில் பாடம் நடத்துகிறார்கள், வளைகுடாவில் வேலை பார்க்கிறார்கள். குதிரை அவர்கள் வாழ்விலிருந்து போய்விட்டது. ஆனால் கொடைக்கானல் ஏரிக்கரையிலும் மெரினா மணலிலும் குதிரைகள் இன்னும் முதுகைக் கொடுத்துப் பிழைக்கின்றன. அங்கே உங்கள் பிள்ளையை ஏற்றும் முன் குதிரையின் வாயோரத்தைப் பாருங்கள்; புண் இருக்கிறதா என்று தெரியும். குதிரைக்காரரிடம் மரியாதையாகக் கேட்டு, சேணத்தைச் சற்றே தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். அடியில் மயிர் உதிர்ந்தோ தோல் உரிந்தோ இருந்தால், சவாரிக்கு உரிய பணத்தைக் கொடுத்துவிட்டு, அன்று அந்தக் குதிரையில் ஏற்றாதீர்கள். ஏன் என்பதையும் அவரிடமும் பிள்ளையிடமும் சொல்லுங்கள்.