சிறு படமும் அதன் சனதும்

வடபுல முஸ்லிம்களின் வெளியேற்றம் பற்றி ஒரு ஒப்படை எழுதி வருமாறு பதினொராம் தரப் பிள்ளைகளிடம் ஒருமுறை சொல்லியிருந்தேன். யாழ்ப்பாணத்தைப் பூர்வீகமாகக் கொண்டு புத்தளத்தில் பிறந்த ஒரு மாணவர் மிகுந்த சிரத்தையோடு எழுதியிருந்தார. முகப்பில் ஒரு படம்: மூட்டை முடிச்சுகளோடு நடந்து போகும் சனக்கூட்டம். கீழே, 'யாழ்ப்பாணம், 1990 ஒக்டோபர் 30' என்ற குறிப்பு.

"இதுக்குள்ள எங்கட உம்மம்மாவும் இருக்கலாம் சேர்" என்றார்.

உற்றுப் பார்த்தேன். கூட்டத்தில் ஒருவர் கையில் ஸ்மார்ட்ஃபோன் இருந்தது.

எங்கே எடுத்தது என்று கேட்டேன். "யூடியூப்ல சேர். வீடியோட தம்ப்நெயில சேவ் பண்ணினேன்." இருவருமாக அந்தக் காணொளியைத் தேடிப் பார்த்தோம். இரண்டு மணி நேர அவகாசத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்த கதையை ஒரு மூதாட்டி சொல்கிறார். அவர் சொன்னதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்த முகப்புப் படம் காணொளிக்குள் எங்குமே இல்லை. வேறெங்கிருந்தோ எடுத்து ஒட்டியது. சாட்சியம் உண்மை, அதன் முகம் இரவல்.

இரவல் முகம் புதிய விடயமல்ல. 1493இல் ஜேர்மனியின் நூரம்பேர்க் நகரில் ஹார்ட்மன் ஷெடல் என்பவரின் உலக வரலாற்று நூல் அச்சேறியது. அதில் 1800க்கும் மேற்பட்ட படங்கள். அவற்றுக்குப் பயன்பட்ட மரக்கட்டை அச்சுகளோ ஏறக்குறைய 645தான். ஒரே கட்டை ஒரு பக்கத்தில் ஒரு நகரமாகவும் மறு பக்கத்தில் வேறொரு நகரமாகவும் வரும். ஒரே முகம் பல மன்னர்களுக்குப் பொருந்தும். செதுக்கிய படம் என்பதால் யாரும் அதைக் கண்கண்ட சாட்சியாகக் கொள்ள வேண்டியதில்லை. புகைப்படம் அப்படியல்ல. 'இது நடந்தது' என்று அது சொல்கிறது. நாமும் நம்பி விடுகிறோம்.

யூடியூபில் முதற் காணொளி ஏறியது 2005 ஏப்ரல் 23இல். ஆரம்ப காலத்தில் காணொளிக்குள்ளிருந்தே சில காட்சிகளைத் தளம் பிடித்துக் கொடுக்கும். பதிவேற்றியவர் அதில் ஒன்றைத் தெரிவு செய்வார். ஆகவே அன்றைய தம்ப்நெயில் அந்தக் காணொளியின் ஒரு துண்டு. பிற்பாடு, தாமே தயாரித்த படத்தை முகப்பில் இடும் வசதி பரவலாகியது. அன்றிலிருந்து அது துண்டு அல்ல, கடைக்கு முன்னால் தொங்கும் பெயர்ப்பலகை. இந்த இரண்டையும் ஒரே வகை ஆதாரமாக எடுக்க ஏலாது.

சேமிக்கும் முறையிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒவ்வொரு காணொளிக்கும் 11 எழுத்துகள் கொண்ட ஓர் அடையாளக் குறி இருக்கிறது. முகப்புப் படம் தனிக் கோப்பு. அதன் முகவரிக்குள் இந்தக் குறியும் வரும். ஆனால் கோப்பின் பெயர் 'மெக்ஸ்ரெஸ்டிஃபோல்ட்' என்பது போல எல்லாக் காணொளிக்கும் பொதுவானது. சேமித்த மாத்திரத்தில் குறி கழன்று விடுகிறது, பொதுப்பெயர் மட்டும் மிஞ்சுகிறது. பத்துப் படம் சேமித்தால் பத்துக்கும் ஒரே பெயர், பின்னால் இலக்கம் மட்டும் வேறு. பிறகு வட்ஸ்அப்பில் அனுப்பினால் அந்தப் பெயரும் போய்விடும். பதிவேற்றியவர் முகப்பை மாற்றினாலோ, பழைய படம் பார்வையாளருக்குத் தெரியாது.

சட்டமும் இவ்விடத்தில் ஒரு பாடம் சொல்கிறது. கெலி எதிர் அரிபா சொஃப்ட் வழக்கில், தேடுபொறி காட்டிய சிறு படங்கள் நியாயமான பயன்பாடே என 2003இல் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. அந்தச் சிறு படம் மூலப்படத்தின் இடத்தைப் பிடிக்கவில்லை, மூலத்தைத் தேடிப்போக வழி காட்டியது என்பது முக்கிய காரணம். எமது நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் கற்பித்தலுக்கும் ஆராய்ச்சிக்கும் நியாயமான பயன்பாட்டுக்கு இடம் தருகிறது. அதே சட்டம் ஆக்கியோனின் பெயருக்குரிய உரிமையையும் காக்கிறது. வழிகாட்டும் கையை வெட்டிவிட்டுப் படத்தை மட்டும் எடுத்தால், அனுமதிக்கான நியாயமும் பலவீனப்பட்டுப் போகிறது.

நமக்கு இது புரியாத விடயமல்ல. ஹதீஸில் மத்ன் எவ்வளவு அழகாக இருந்தாலும் சனத் எங்கே என்றுதான் முதலில் கேட்போம். யார் யாரிடமிருந்து கேட்டார், இடையில் விடுபட்டவர் யார் என்று பார்த்த சமூகம், படம் என்று வந்தால் மட்டும் ஏன் கேட்பதில்லை?

கேட்காததன் விலை நமக்குத் தெரியும். 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறையில், உணவில் கிடந்த மாக்கட்டியை மலட்டு மாத்திரை என்றார்கள். கடைக்காரரை மிரட்டிச் சொல்ல வைத்த ஒரு துண்டுக் காணொளி நாடெங்கும் ஓடியது. அது வெறும் மாப்பொருள் என்று அரச பகுப்பாய்வாளர் அறிக்கை பின்னர் சொன்னது. அதற்குள் பள்ளிவாசல் தாக்கப்பட்டுவிட்டது. மார்ச்சில் திகன எரிந்தது. சனத் இல்லாத காட்சி நம்மைச் சுட்டது. அதே தவறை நமது துயரத்தைச் சொல்லவும் நாம் செய்யலாமா?

1990இல் வடக்கிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் விரட்டப்பட்டனர். குடும்ப அல்பங்கள் வீட்டோடு போயின. படம் இல்லாத குறை பெரியதுதான். ஆனால் அந்தக் குறையை இரவல் படத்தால் நிரப்பினால், நாளை மறுக்க வருபவருக்கு அந்த ஒரு படம் போதும்; அதைக் காட்டி மூதாட்டியின் சாட்சியத்தையும் சேர்த்தே தள்ளிவிடுவார்.

தம்ப்நெயிலைச் சேமிக்க வேண்டாம் என்பதல்ல என் வாதம். காணொளி நீக்கப்பட்டால் அந்தச் சிறு படம் மட்டுமே எஞ்சக்கூடும். சேமிக்கும்போது 11 எழுத்துக் குறி, அலைவரிசையின் பெயர், தலைப்பு, பதிவேறிய திகதி, நாம் சேமித்த திகதி ஆகிய ஐந்தையும் கூடவே எழுதி வைக்க வேண்டும். மீளப் பயன்படுத்தும்போது அது காணொளியின் காட்சியா, மேலே ஒட்டியதா என்று சொல்ல வேண்டும். ஒட்டிய படமும் வரலாற்று ஆதாரந்தான்: 1990க்கு அல்ல, அந்தத் துயரை இன்று நாம் எப்படிக் காட்ட விரும்புகிறோம் என்பதற்கு.

அந்த மாணவர் முகப்பை மாற்றிக்கொண்டு வந்தார். கூட்டம் இல்லை. காணொளியில் மூதாட்டி பேசும் காட்சி. கீழே ஐந்து வரியில் அதன் சனத். கடைசிப் பக்கத்தில், உம்மம்மாவிடம் தானே கேட்டு எழுதிய ஒன்றரைப் பக்கம். ஒப்படையிலேயே ஆகச் சிறந்த பகுதி அதுதான்.