மாசக்காசு இல்லாம டிவி பார்க்கணுமா? டிஷ் வாங்கும் முன் மரத்தைப் பாருங்க!

பேச்சிப்பாறை:

ரப்பர் தோட்டத்துக்குள்ளும் மலையடிவாரத்திலும் அங்கொண்ணும் இங்கொண்ணுமாக வீடுகள் இருக்கும் ஊர் பேச்சிப்பாறை. கேபிள் வயர் எட்டாத வீட்டுக்கு டிஷ்தான் வழி. மாசாமாசம் ரீசார்ஜ் பண்ண முடியாதவர்கள் தேடுவது தூர்தர்ஷனின் இலவச 'டிடி ஃப்ரீ டிஷ்'.

டிஷ், பெட்டி எல்லாம் சேர்த்து ஒரே தடவை ஏறக்குறைய ரூ.2 ஆயிரம் செலவு. அதன்பிறகு காசு கிடையாது. ஆனால் பால்வெட்டுக்குப் போகும் குடும்பத்துக்கு 2 ஆயிரம் என்பது பல நாள் உழைப்பு. தப்பான இடத்தில் டிஷ்சை மாட்டிவிட்டால் அந்தக் காசு மழையோடு போச்சு. வாங்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை வருமாறு:-

எங்கிருந்து வருது?

2004 டிசம்பரில் 'டிடி டைரக்ட் பிளஸ்' என்ற பெயரில் 33 சேனல்களுடன் இந்தச் சேவை தொடங்கியது. 2014-ல் 'ஃப்ரீ டிஷ்' என்று பெயர் மாறியது. இப்போது ஜிசாட்-15 சாட்டிலைட்டில் இருந்து வருகிறது. 2015 நவம்பரில் ஏவப்பட்ட இந்த சாட்டிலைட், பூமத்திய ரேகைக்கு மேலே 93.5 டிகிரி கிழக்கில் நிற்கிறது.

ஒரு விஷயத்தை முதல்லயே சொல்லிடணும். இதில் இந்தி சேனல்கள்தான் அதிகம். டிடி தமிழ் வரும். பள்ளிப் பிள்ளைகளுக்கான கல்வி சேனல்களும் உண்டு. தனியார் சேனல்கள் ஏலத்தில் இடம் பிடித்து வருபவை. அதனால் பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும். "எல்லா தமிழ் சேனலும் ஆயுசுக்கும் ஃப்ரீ" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஏற்கனவே மாட்டியிருக்கும் வீட்டில் போய் என்னென்ன வருதுன்னு ஒரு தடவை பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

முதல்ல வானம், அப்புறம்தான் டிஷ்

பேச்சிப்பாறையில் நின்று பார்த்தால் இந்த சாட்டிலைட் கிழக்குக்கும் தென்கிழக்குக்கும் நடுவே இருக்கிறது. செல்போன் திசைகாட்டியில் சுமார் 117 டிகிரி. உயரம் சுமார் 69 டிகிரி. அதாவது கிட்டத்தட்ட உச்சி வானம். அதனால் மலை மறைக்குமோ என்ற பயம் வேண்டாம். மறைப்பது வீட்டுப் பக்கத்து மரம்தான்.

இங்கேதான் பலரும் ஏமாறுவது. டிஷ்சைப் பார்த்தால் பாதி சாய்வில் எதிரே பார்ப்பது போல இருக்கும். ஆனால் அதன் அமைப்பு அப்படி. டிஷ்சின் முகம் காட்டும் உயரத்தைவிட சுமார் 25 டிகிரி மேலே இருந்துதான் சிக்னல் வந்து விழும். எனவே எதிரே வெட்டவெளியாக இருந்தால் மட்டும் போதாது. தலைக்கு மேலே கிளை இருக்கான்னு பார்க்கணும்.

கணக்கு சுலபம். டிஷ்சைவிட 50 அடி உயரமான மரம் அந்தத் திசையில் இருந்தால், அதன் கிளை நுனியில் இருந்து 25 அடியாவது தள்ளி டிஷ் இருக்கணும்.

இலை உதிர் காலத்தில் உஷார்

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ரப்பர் மரங்கள் இலை கொட்டி மொட்டையாக நிற்கும். அந்த நேரத்தில் டிஷ் மாட்டினால் படம் பளிச்சென்று வரும். துளிர் விட்டு இலை மூடினதும் படம் உடையும். "பெட்டி கெட்டுப்போச்சு"ன்னு புதுப் பெட்டி வாங்கினாலும் பலன் இருக்காது. மொட்டை மரமாக இருந்தாலும் இலை இருப்பதாக நினைத்தே இடம் பாருங்க. மரத்திலேயே டிஷ்சை கட்டுவதும் கூடாது. காற்றில் ஆடினால் சிக்னல் போய்விடும்.

எந்த டிஷ் வாங்கலாம்?

2 அடி டிஷ்சில் படம் வரும். ஆனால் இது இரண்டு பருவமழையும் கொட்டும் பகுதி. இந்தச் சேவை வரும் 'கேயு பேண்ட்' அலை கனமழையில் பலம் இழக்கும். மழை நாளில் பால்வெட்டு கிடையாது, எல்லாரும் வீட்டில்தான் இருப்பாங்க. அன்னைக்குத்தான் டிவி வேணும். அதனால் இரண்டரை அல்லது 3 அடி டிஷ் வாங்கினால் மழையைக் கொஞ்சம் தாங்கும். கொட்டித் தீர்க்கும் மழையில் அதுவும் கொஞ்ச நேரம் நிற்கும். மழை விட்டதும் தானாக வந்துவிடும்.

பெரிய டிஷ் காற்றையும் பிடிக்கும். 2017 நவம்பர் 30-ல் வந்த ஒக்கி புயல் இந்த மாவட்டத்தில் ரப்பர் மரங்களைச் சாய்த்ததை யாரும் மறந்திருக்க முடியாது. சுவரிலோ கான்கிரீட்டிலோ போல்ட் போட்டு, கம்பம் நேராக நிற்கும்படி இறுக்கணும்.

எல்.என்.பி., வயர்

டிஷ்சின் முன்னால் இருக்கும் சின்ன உறுப்பு எல்.என்.பி. 'யுனிவர்சல் கேயு பேண்ட்' என்று கேட்டு வாங்குங்க. அதில் 9750 / 10600 என்று போட்டிருக்கும்.

வயர் 'ஆர்ஜி-6' வகையாக இருக்கணும். நடுவில் ஒட்டு போடாமல் ஒரே நீளமாக இழுப்பது நல்லது. வெளியே இருக்கும் கனெக்டருக்குள் தண்ணீர் போனால் சிக்னல் குறையும். ரப்பர் மூடி போட்டு, அதுக்குக் கீழே வயரை ஒரு வளைவு தொங்கவிட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

பெட்டி

'எம்பெக்-2' பெட்டி விலை குறைவு. 'எம்பெக்-4' பெட்டி இரண்டு வகை ஒளிபரப்பையும் எடுக்கும். இருந்தாலும் எம்பெக்-4 சேனல்களில் சிலவற்றுக்கு தூர்தர்ஷன் அங்கீகரித்த பெட்டிதான் வேணும். கடையில் கேட்டுக்கொள்ளுங்க.

2006-ல் தொடங்கிய அரசு இலவச கலர் டிவி இன்னும் ஓடுகிறது என்றால், பெட்டியில் சிவப்பு-வெள்ளை-மஞ்சள் சாக்கெட் இருக்கணும். எச்டிஎம்ஐ மட்டும் இருந்தால் அந்த டிவியில் மாட்ட முடியாது. புது டிவி வாங்குபவர்கள் உள்ளேயே சாட்டிலைட் ட்யூனர் இருக்கான்னு கேளுங்க. இருந்தால் தனிப் பெட்டி இல்லாமலேயே பல சேனல்கள் வரும்.

காசு கொடுக்கும் முன்...

மாட்ட வருபவரிடம் திரையில் சிக்னல் அளவைக் காட்டச் சொல்லுங்க. 'ஸ்ட்ரெங்த்', 'குவாலிட்டி' என்று இரண்டு கோடு வரும். ஸ்ட்ரெங்த் மட்டும் ஏறினால் வயரும் எல்.என்.பி.யும் வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம். குவாலிட்டி ஏறினால்தான் சரியான சாட்டிலைட் கிடைத்திருக்கிறது. டிஷ்சையும் எல்.என்.பி.யையும் மெல்லத் திருப்பி, குவாலிட்டி எவ்வளவு மேலே போகுமோ அவ்வளவு வைத்து இறுக்கச் சொல்லுங்க. வெயில் நாளில் கூடுதலாகக் கிடைப்பதுதான் மழை நாளில் கைகொடுக்கும்.

தனியார் தமிழ் சேனல்கள் அதிகம் வேணும் என்பவர்களுக்கு 6 முதல் 8 அடி 'சி-பேண்ட்' டிஷ் தனி வழி. மழையில் அவ்வளவாகப் பாதிக்காது. ஆனால் செலவும் இடமும் பல மடங்கு. அதிலும் இலவசமாக வரும் சேனல் நாளை கட்டணத்துக்கு மாறலாம்.

கடைசியாக, இடி மின்னல் வந்தால் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது. டிஷ் வயரையும் பெட்டியில் இருந்து கழற்றணும். இடி வரும் முன்பே கழற்றி வைத்தால் பெட்டி தப்பிக்கும், டிவியும் தப்பிக்கும்.