பொன்னெலிக்குப் பட்ட கடன்

ஒட்டுண்ணி என்ற சொல்லைக் கேட்டாலே நமக்கு முகம் சுளிக்கிறது. பிறர் உழைப்பில் உடல் வளர்ப்பவனைத் திட்டுவதற்குக்கூட அந்தச் சொல்லைத்தான் தேடி எடுக்கிறோம். ஆனால் ஒரு பிராணி மனிதனுடைய வீட்டுக்குள் வந்து சேர்ந்ததற்கே ஓர் ஒட்டுண்ணிதான் காரணம் என்று சொன்னால் வாசகர்கள் நம்புவார்களோ என்னவோ! சரித்திரம் அப்படித்தான் சொல்கிறது.

நான் சொல்லும் பிராணி ஹாம்ஸ்டர். செல்லப் பிராணிகள் விற்கும் கடைகளில், கம்பிக் கூண்டுக்குள் ஓயாமல் சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கிறதே, உள்ளங்கையில் அடங்கும் பொன்னிற எலி, அதுதான். கன்னத்தில் இருபுறமும் இரண்டு பைகள் வைத்திருக்கும். கிடைத்த தானியத்தையெல்லாம் அவற்றில் அடைத்துக்கொண்டு போய் வளையில் பதுக்கிவிடும். பலே சிக்கனக்காரன்!

கதை சென்னையில் தொடங்குகிறது. 1903ஆம் ஆண்டு இங்கே டாக்டர் சார்லஸ் டோனவன், நாட்பட்ட காய்ச்சலால் துன்புற்ற நோயாளிகளின் வீங்கிய மண்ணீரலில் மிக நுண்ணிய உயிர்களைக் கண்டார். அதே ஆண்டில் இங்கிலாந்தில் வில்லியம் லீஷ்மன் என்ற ராணுவ வைத்தியர், கல்கத்தாவை அடுத்த டம்டமில் காய்ச்சல் கண்டு பின்னர் இறந்துபோன சிப்பாய் ஒருவனின் உடலில் தாம் கண்டதை வெளியிட்டார். இருவர் பெயரையும் இணைத்து அந்த ஒட்டுண்ணிக்கு 'லீஷ்மேனியா டோனவானி' என்று பெயர் சூட்டினார் ரொனால்டு ராஸ். வங்காளத்திலும் அஸ்ஸாமிலும் பீகாரிலும் கணக்கற்ற உயிர்களைக் குடித்த 'காலா அசார்' காய்ச்சலுக்குக் காரணம் அதுதான்.

எதிரியைக் கண்டாயிற்று; ஆராய்வது எப்படி? மனிதனுக்கு வருகிற அந்த நோய் எளிதில் பற்றக்கூடிய ஒரு சிறு பிராணி வேண்டியிருந்தது. சீனாவில் 1924ஆம் ஆண்டு அப்படி ஒன்று கிடைத்தது. முதுகில் கோடு போட்ட சீன ஹாம்ஸ்டர் அது. ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் இதே ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த பேராசிரியர் சால் ஆட்லர் அதை வரவழைத்துப் பார்த்தார். ஆனால் கூண்டுக்குள் அது குட்டி போட மறுத்துவிட்டது. ஒவ்வொரு முறையும் சீனாவிலிருந்து கப்பலில் தருவிப்பது நடக்கிற காரியமா? ஆகவே, "நம் பக்கத்திலேயே ஒரு ஹாம்ஸ்டர் இனம் இருக்கிறதாமே, பிடித்துத் தர முடியுமா?" என்ற கோரிக்கை விலங்கியல் அறிஞர் இஸ்ரேல் அஹரோனியிடம் போயிற்று.

1930ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அஹரோனி சிரியாவில் உள்ள அலெப்போ நகருக்குப் போனார். உள்ளூர்த் தலைவர் ஆட்களைத் திரட்டித் தந்தார். கோதுமை வயல் ஒன்றைக் கொத்திக் குதறி, எட்டடி ஆழத்தில் வளையைக் கண்டுபிடித்தார்கள். உள்ளே ஒரு தாயும் 11 குட்டிகளும் இருந்தன. பெட்டியில் போட்டதும், வெருண்ட தாய் தன் குட்டி ஒன்றையே கடித்துக் கொன்றது. மற்றவையாவது பிழைக்கட்டும் என்று அஹரோனி தாயைக் கொன்றுவிட்டார். கண் திறவாத 10 குட்டிகளையும் அவரும் அவர் மனைவியும் தாங்களே வளர்த்தார்கள். பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகு ஐந்து, மரப் பலகையைக் கொறித்துக்கொண்டு தப்பிப் போயின. மிஞ்சியவற்றில் ஒரு சகோதரனும் சகோதரியும் ஜோடி சேர, ஓராண்டுக்குள் சந்ததி 150 ஆயிற்று.

1931ஆம் ஆண்டு ஆட்லர் சிலவற்றைத் தம் கோட்டுப் பையில் வைத்தே இங்கிலாந்துக்குக் கொண்டுபோனாராம். சில வருஷங்களில் அமெரிக்காவையும் அடைந்தன. ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து கடைக்கும், கடையிலிருந்து குழந்தைகளின் கைக்கும் வந்தன. இன்று உலகெங்கும் வீடுகளில் வளரும் பொன்னிற ஹாம்ஸ்டர்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வளையின் வம்சமே.

மனிதனின் ஒட்டுண்ணியைச் சுமப்பதற்காக வெளியே இழுக்கப்பட்ட பிராணிக்கு, சொந்த ஒட்டுண்ணிகளும் உண்டு. 'டெமோடெக்ஸ்' என்னும் நுண்ணிய உண்ணி அதன் மயிர்க்கால்களில் குடியிருக்கிறது. தாயின் மடியில் பால் குடிக்கும்போதே குட்டிக்குத் தொற்றிவிடும். உடம்பு திடமாக இருக்கும் வரை தொந்தரவு இல்லை. முதுமையோ வேறு வியாதியோ வந்து பலம் குன்றினால்தான் அது பெருகும். முதுகிலும் பின்புறத்திலும் மயிர் உதிர்ந்து தோல் செதில் செதிலாக வறளும்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், இப்படி மயிர் உதிர்ந்த ஹாம்ஸ்டருக்கு, நாய்க்குப் போடும் உண்ணிப் பொடியைத் தூவ எடுத்துவிட்டார்கள். "வேண்டாம் அம்மா, கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள்" என்று தடுத்தேன். நூறு, நூற்றைம்பது கிராம் எடையுள்ள ஜீவன் தாங்குகிற மருந்தா அது? வைத்தியர் தோலைச் சிறிது சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். உண்ணி தெரிந்தால் எடை பார்த்து மருந்து கொடுப்பார். கூண்டைச் சுத்தம் செய்து படுக்கையை மாற்ற வேண்டும். எதனால் பலம் குன்றியது என்பதையும் தேட வேண்டும்; உண்ணியை மட்டும் கொன்றால் போதாது.

இதற்குப் பெரும்பாலும் கொடுக்கிற மருந்து ஐவர்மெக்டின். ஜப்பானிய மண்ணில் சதோஷி ஓமுரா கண்டெடுத்த நுண்ணுயிரிலிருந்து பிறந்தது அது. அவருக்கும் வில்லியம் கேம்பலுக்கும் 2015ஆம் ஆண்டு நோபல் பரிசு வாங்கித் தந்தது. அந்த மருந்தின் ஆற்றலை முதலில் காட்டிக் கொடுத்தவை, புழுக்களை ஏற்றிச் சோதித்த சுண்டெலிகள்!

ஆராய்ச்சியாளரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காலா அசாரில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய் எலியின் துன்பத்தைப் பேச முடியாது. ஆனால் கொடுத்தவன் மறந்தாலும் வாங்கியவன் மறக்கக் கூடாது அல்லவா? கூண்டுக்குள் அது தோலைச் சொறிந்துகொண்டிருந்தால், "போனால் வேறொன்று வாங்கலாம்" என்று சொல்லாமல் வைத்தியரிடம் எடுத்துப் போவோம். தருமம் என்று நினைக்க வேண்டாம். பழைய பாக்கியில் ஒரு சிறு தவணை, அவ்வளவுதான்.